மலைமேல் விந்தை மனைகள்

சென்ற கோடை விடுமுறையில் எம் மருகன் ஒருவன் கீழ்நாட்டினின்றும் வடகவுஞ்சிக்கு வந்திருந்தான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. மலையூர் ஒன்றைக் காண்பது அவனுக்கு அதுவே முதன்முறை. ஒருநாள் அவனை உடனழைத்துக்கொண்டு பேத்துப்பாறைப் பக்கம் சென்றிருந்தோம். அங்கே வெறும்பாறையின்மேற் பலகை போன்ற கற்கள் மூன்று புறமும் நிற்க, அவற்றின்மேல் ஒரு பெருங்கல் கூரையாய்க் கவிந்திருப்பதைக் கண்டு, "மாமா, இது யார் வீடு?" என்று கேட்டான். "குள்ளர் வீடு என்பார்கள், தம்பி" என்றோம். "அந்தக் குள்ளர்களெல்லாம் எங்கே போய்விட்டார்கள்?" என்று அவன் மறுபடியும் கேட்டபோது யாம் வாய்மூடி நின்றோம். இருபதாண்டுகளாகப் பிறர் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லும் எமக்கு, எம் மலையின்மேல் உள்ள ஒரு கல்வீட்டைப்பற்றிப் பாட்டியார் சொன்ன கதைக்குமேல் ஒன்றுஞ் சொல்லத் தெரியவில்லையே என்று உள்ளம் நாணிற்று. அந்த நாணமே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

வடகவுஞ்சி என்பது பழனியினின்றும் கோடைக்கானல் செல்லும் மலைப்பாதையைச் சார்ந்த ஊர் என்பதை நம் அன்பர்களிற் பலர் அறிவர். மேல்மலையில் மன்னவனூருக்கு அணித்தே கவுஞ்சி என்றோர் ஊர் இருத்தலின், எம் ஊர்ப்பெயரின் முன்னிற்கும் 'வட' என்னும் அடைமொழி ஒன்றினின்று மற்றொன்றைப் பிரித்தறிதற்கு வந்ததாதல் வேண்டும். 1985-ஆம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டம் தனியே பிரியும்வரை இம்மலை முழுதும் மதுரை மாவட்டத்திலேயே அடங்கியிருந்தது. பழந்தமிழ்ச் சான்றோர் இம்மலைத்தொடரை நன்கறிந்தவர். மயிலுக்குப் போர்வை ஈந்த வையாவிக் கோப்பெரும்பேகனும், கோடைமலைக்குரிய கடிய நெடுவேட்டுவனும் புறநானூற்றிற் போற்றப்பெறுகின்றனர். ஆயின் அவர்கள் வாழ்ந்த மனைகளில் ஒன்றேனும் இன்று நமக்குக் காணக் கிடையாது. மண்ணும் மரமும் புல்லுங்கொண்டு எடுத்த மனை மழைமிக்க மலையில் எத்துணைக் காலம் நிற்கும்?

அங்ஙனமாயின் அக்கல்வீடு நின்றது எவ்வாறு? அது மனிதர் குடியிருக்கக் கட்டியதன்று என்பதே விடை. அஃது இறந்தார்க்கு எடுத்த மனை. பாலைத்திணைப் பாட்டுக்களில், வழியில் மாய்ந்தோரை மூடிய கற்குவியலைப் 'பதுக்கை' என்று புலவர் குறிப்பர். அவ்வழக்கத்தோடு உறவுடைய பெருங்கற்கால வழக்கமே இதுவும். மேனாட்டார் இவ்வகைக் கல்வீட்டை 'டால்மென்' என்பர். பிரெஞ்சு நாட்டின் மேலைக்கோடியில் வழங்கும் பிரெத்தோன் மொழியில் அச்சொற்குக் கல்மேசை என்பது பொருள். அவர்கள் கண்ணுக்கு அது மேசையாய்த் தோன்றிற்று. நம் மக்கள் கண்ணுக்கு வீடாய்த் தோன்றிற்று. குள்ளர் வீடு என்றும், பாண்டவர் வீடு என்றும் பெயரிட்டழைத்தனர். நான்கடி உயரமும் இல்லாத வீட்டிற் குடியிருந்தவர் குள்ளராய்த்தாம் இருத்தல் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. கணக்குத் தவறாயினும், கட்டியவர் ஒருவர் இருந்தார் என்பதை அக்கதை மறவாது காத்தது.

இக்கல்வீடுகளை ஊரூராய்த் தேடிச்சென்று அளந்து வரைந்தவர் செண்பகனூரில் இருந்த ஆங்கிலேடு பாதிரியார். அவர் நியூட்டன் பாதிரியாரோடு சேர்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்பொருட்டுறையினர் தம் வெளியீட்டு வரிசையில் 36-ஆவதாக 1928-இல் அச்சிட்டனர். இந்நூற்றாண்டின் தொடக்கத்திற் பேராசிரியர் கா. இராசன் தாண்டிக்குடியில் அகழாய்வு நடத்தினார். இவர்கள் செய்த பணியால், இம்மலைமேற் பல நூற்றாண்டுகட்கு முன்னரே மக்கள் கூட்டங்கூட்டமாய் வாழ்ந்தனர் என்பது ஐயமின்றித் தெளிவாகின்றது. குள்ளர் எங்கும் போகவில்லை. குள்ளர் என்று ஒருவர் இருந்ததுமில்லை. நம்மைப் போன்ற உயரமுடைய மக்களே தம் முன்னோரை மறவாமைப்பொருட்டு அச்சிறு மனைகளை எடுத்தனர்.

அவை எடுக்கப்பட்ட முறையும் வியக்கத்தக்கது. எம் மலைப்பாறை வெயிலாலும் குளிராலும் மேற்றோல் உரிவதுபோற் பலகை பலகையாய்ப் பெயரும் இயல்புடையது. பாறையின்மேல் தீ மூட்டிச் சூடேற்றிப் பலகையாய்ப் பிளக்கும் முறையும் தென்னாட்டுக் கல்வேலைக்காரர் அறிந்ததே. அங்ஙனம் பெற்ற கல்லை நெடுந்தொலைவு சுமவாது அப்பாறைமேலேயே நிறுத்தினர். சுண்ணாம்பு இல்லை; சாந்து இல்லை. கல்லின் எடையே கல்லை நிறுத்துகின்றது. பல கல்வீடுகளைச் சூழ அடுக்குக்கற் சுவர் ஒன்றும் காணலாம். இத்தகைய கல்வீடுகள் கொரியா நாட்டிலும் மிகுதியாக உள்ளன. அந்நாட்டார் கோச்சாங், ஃகுவாசுன், காங்ஃகுவா என்னும் மூன்றிடத்துக் கல்வீடுகளைப் பேணிக்காத்தமையால், யுனெஸ்கோ மன்றம் 2000-ஆம் ஆண்டில் அவற்றை உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது. நம் பக்கத்திலோ, புதையல் கிடைக்குமென்று குடைந்தவரும், துவைகல்லுக்கும் படிக்கல்லுக்கும் ஆகுமென்று மூடுகல்லைப் பெயர்த்தவரும் உண்டு. சிறுவயதில் எம் ஊர்ப்புறத்தே யாம் ஏறி விளையாடிய கல்வீடொன்றில் இன்று இரண்டு கற்களே எஞ்சி நிற்கின்றன.

இனிக் கோடைக்கானலுக்குச் செல்வோம். அங்குள்ள பழைய பங்களாக்களைக் காணும் நம்மவர், "துரைமார் வாழ்ந்த வீடு" என்று சொல்லிக் கடந்துவிடுவர். அவற்றின் தோற்றத்திற்குள்ள காரணத்தை ஆராய்வார் சிலரே. 1821-இல் வார்டு என்னும் அளவையாளர் இம்மலையை அளந்து கணக்கெடுத்தார். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் 1845-இல் முதலிரண்டு மனைகளை இங்கே எழுப்பினர். அவற்றுக்குச் சன்னிசைடு, ஷெல்டன் என்று பெயர். அவர்கள் மகிழ்ச்சிக்காக மலையேறினார்கள் என்று எண்ணற்க. யாழ்ப்பாணத்தினின்று மதுரைக்கு வந்த அம்மிஷனார் காய்ச்சலாலும் பேதியாலும் மனைவியரையும் மக்களையும் இழந்தனர். முதலிற் சிறுமலையிற் புகலிடந்தேடினர். அங்கும் காய்ச்சல் விட்டபாடில்லை. அதன்பின்னரே இவ்வுயர்ந்த மலையை நாடினர். ஆதலின் அம்முதல் மனைகள் செல்வத்தாற் கட்டியன அல்ல. பிள்ளைகளைப் புதைத்த துயரத்தாலும், எஞ்சிய பிள்ளைகளைக் காக்கவேண்டும் என்னும் அச்சத்தாலும் கட்டியன.

அக்காலத்தில் மலைக்குச் சாலை இல்லை. கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து செண்பகனூர்வரை குதிரைத்தடம் ஒன்றே இருந்தது. பெண்டிரும் பிள்ளைகளும் நோயாளரும் நாற்காலியில் அமர, நம் நாட்டு ஆட்கள் தோளிற் சுமந்தேறினர். லாஸ் மலைப்பாதையில் 1916-இலேதான் மோட்டார் வண்டிகள் செல்லத் தொடங்கின. அதற்கு முன்னெழுந்த மனைகளின் ஆணி, கண்ணாடி, கீல், தாழ்ப்பாள் ஆகிய எல்லாம் மனிதர் தோளிலும் தலையிலும் மாட்டின் முதுகிலும் வந்தன என்பதை நினைத்தல் வேண்டும். கல்லை மட்டும் மலையே கொடுத்தது. எனவே சுவர் தடித்த கற்சுவராயிற்று. பின்னாளில் ஓட்டைவிட இலேசானதும், சுமந்துவர எளியதும் ஆகிய நெளிதகரம் கூரையாகப் பரவிற்று. மழைநீர் விரைந்தோடக் கூரையைச் செங்குத்தாய்ச் சரித்தனர். குளிருக்குக் கணப்பும், அதன் புகை செல்லக் கூரைமேற் புகைபோக்கியும் அமைத்தனர். வெயில் அரிதாகலின் அதனைப் பிடித்துவைக்க முகப்பிற் கண்ணாடித் தாழ்வாரம் இட்டனர். கீழ்நாட்டு வீட்டில் வெயிலைத் தடுக்கத் தாழ்வாரம். மலைவீட்டில் வெயிலை அழைக்கத் தாழ்வாரம்! இவ்வளவும் தேவையால் வந்தவை. வாயிலிற் படரவிட்ட ரோஜாவும், சுவரில் எழுதிய சீமையூர்ப் பெயரும் தேவையால் வந்தவையல்ல; அவை ஊர்நினைவால் வந்தவை. கடல்கடந்து வந்தவன் தன் பாட்டன் வீட்டை மலைமேல் ஒருமுறை மீட்டும் கட்டிப் பார்த்தான்.

இந்த ஊர்நினைவு ஏரியையும் விட்டுவைக்கவில்லை. மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு துரை 1863-இல் ஓடையை மறித்துக் கரைகட்டி, இன்று எல்லாரும் படகேறி மகிழும் ஏரியை உண்டாக்கினார். சதுப்பு நிலம் ஒன்று சீமை ஏரியின் சாயலைப் பெற்றது இவ்வாறே.

ஊர்நினைவுக்குச் சற்றும் தொடர்பின்றி, வானத்தை நினைந்து கட்டிய மனையும் இம்மலையில் உண்டு. அதுவே 1899-இல் நிறுவிய சூரிய ஆராய்ச்சி நிலையம். உருண்டைக் கூரையை வேண்டிய பக்கம் சுழற்றித் திறக்கலாம், அதற்குள்ளே தொலைநோக்கி. எவர்ஷெட்டு என்னும் அறிஞர் 1909-இல் இங்கிருந்தே சூரியப் புள்ளிகளில் ஆவி மையத்தினின்று புறநோக்கிப் பாய்தலைக் கண்டு உலகிற்கு அறிவித்தார். பின்னாளில் இங்கே சுரங்கத் தொலைநோக்கி ஒன்றும் எழுந்தது. 11 மீட்டர் உயரக் கோபுரத்தின்மேற் கண்ணாடி வெயிலைப் பிடித்துக் கீழிறக்க, சுமார் 60 மீட்டர் நீளமுள்ள நிலவறை வழியே அவ்வொளி செல்கின்றது. வெயில் படாத சுரங்கத்திற் புகுந்து வெயிலை ஆராய்தல் விந்தையன்றோ! ஆயினும் காரணம் அறிந்தால் அவ்விந்தை நேரிய அறிவாகின்றது. நிலவறையிற் காற்றின் சூடு அதிகம் மாறாது; ஒளியின் உருவம் கலங்காது நிற்கும்.

மேற்கூறிய துரைமார் தம் நாட்டை இங்கே கொண்டுவந்து வைத்தனர். அதற்கு நேர்மாறாக ஒரு மேனாட்டு மாது நம் நாட்டு வடிவை ஏற்றுக் கட்டியது குறிஞ்சியாண்டவர் கோயில். இலங்கையில் தமிழர் தலைவராய் விளங்கிய சர் பொன்னம்பலம் இராமநாதரின் மனைவியார், ஐரோப்பிய மரபிற் பிறந்து, நம் சமயம் தழுவி, லீலாவதி என்னும் பெயர் பூண்டவர். கணவர் 1930-இல் மறைந்தபின், 1936-இல் இக்கோயிலை எடுத்தார். குறிஞ்சிநிலத் தெய்வமாகிய முருகனுக்குப் பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சியின் பெயராலே கோயில் அமைந்தது. அங்கு நின்று நோக்கினால், வானந்தெளிந்த நாளிற் பழனிமலை தெரியும். ஒரே மலையில் ஒருவர் சீமையை நினைந்து வீடு கட்ட, மற்றொருவர் தமிழை நினைந்து கோயில் கட்டினார். யார் எவ்விடத்திற் பிறந்தார் என்பதை அன்று, யார் எதை விரும்பினார் என்பதையே கட்டடம் சொல்லுகின்றது.

இதுகாறும் இறந்தார் மனையையும், துரைமார் மனையையும், ஆராய்ச்சி மனையையும், ஆண்டவன் மனையையும் கூறினோம். நம் மனைகள் எங்கே? இதற்கு விடை சொல்லும்போதுதான் எம் கை நடுங்குகின்றது.

வடகவுஞ்சியில் எம் பாட்டனார் எடுத்த வீடொன்று இருந்தது. அடித்தளம் முழங்கால் உயரம் அடுக்குக்கல், சாந்து இட்டதில்லை. மழைநீர் மண்சுவரைத் தொடாதிருக்க அக்கல்லடுக்கு. அதன்மேல் மண்சுவர். மண்ணைக் குழைத்து மிதித்து, ஒருபடை வைத்து, அது காய்ந்தபின் மறுபடை வைத்து, ஒரு வேனில் முழுதும் எடுத்த சுவர் அது. தடிப்பு ஒன்றரை முழம். வாசல் குனிந்து புகத்தக்க அளவினது. நீலகிரியில் தோடர் வாழ்ந்த பழைய குடில்களும் அரைவட்டக் கூரையும் தவழ்ந்து புகும் வாயிலும் உடையனவே. குளிர்நாட்டில் வாசல் பெரிதாயிருப்பின் அடுப்பின் சூடு வெளியேறும் என்பதை எம் பாட்டனாரும் அறிவார், தோடரும் அறிவார். அடுப்பின்மேல் மூங்கிற் பரண். அதில் விதைப்பயறும் பூண்டும் மிளகும் இருக்கும். அடுப்புப் புகை ஏறி ஏறிப் பூச்சி அணுகாது காக்கும். அப்புகையே கூரைப்புல்லையும் வாரைகளையும் கறுப்பேற்றி உளுக்காது காத்தது. புகைபோக்கி இல்லாத வீடு அறியாமையாற் கட்டியதென்று கீழ்நாட்டார் நகைப்பதுண்டு. புகையை வெளியே விடாதிருப்பதே அவ்வீட்டின் சூழ்ச்சி. அது கண்ணுக்கும் மார்புக்கும் தீங்கே, அதையும் மறைக்கவில்லை. எம் பாட்டியார் முதுமையிற் கண்ணீர் வழியும் கண்ணோடேதான் இருந்தார்.

இவ்வீட்டை இடித்தவர் வேறொருவரல்லர், யாமே. உத்தியோகம் கிடைத்த சில ஆண்டிற் கடன்வாங்கிக் காங்கிரீட்டு வீடு கட்டினோம். உறவினர் முன்பு மண்வீட்டில் இருத்தல் எமக்கு இழுக்காய்த் தோன்றிற்று. மண்சுவரை இடிக்க வந்த ஆட்கள், ஒருநாளில் முடியும் என்று எண்ணி வந்தவர், மூன்றுநாள் கடப்பாறை போட்டனர். அதைக் கண்டும் எமக்கு அறிவு வரவில்லை. புதுவீட்டின் முதல் மார்கழியில் எம் தாயார் கம்பளி போர்த்து மூலையில் உட்கார்ந்துகொண்டு, "வீடு நல்லாத்தான் இருக்கப்பா; குளிருதான் உள்ளே குடிவந்திருச்சு" என்றார். தளத்தின் அடிப்புறம் பனிநாளில் நீர் கோத்துச் சொட்டும். தாயார் இன்று இல்லை. அவர் பேரப்பிள்ளைகளுக்குப் பழைய வீட்டை வரைந்து காட்டலாம் என்று ஒருநாள் தாளெடுத்தோம். வாசல் எந்தத் திசைக்கு எவ்வளவு ஒதுங்கியிருந்தது, பரணுக்கு எத்தனை மூங்கில் என்பவை எம் நினைவில் இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமையுடைய கல்வீட்டின் அளவு 1928-இல் அச்சான நூலிற் கிடைக்கின்றது. எம்மைப் பெற்றெடுத்த வீட்டின் அளவு எவ்விடத்தும் இல்லை.

அன்பர்காள்! பழைய வீட்டிலேயே எல்லாரும் இருங்கள் என்று யாம் கூறவரவில்லை. அடுப்புப்புகையில் நம் பெண்மக்கள் கண்கெடுதல் வேண்டும் என்பது எம் கருத்தன்று. கழிப்பறையும் மின்விளக்கும் நல்ல சாளரமும் எவ்வீட்டிற்கும் வேண்டுவனவே. ஆயின் விந்தை என்றும், பழசு என்றும், நாகரிகமின்மை என்றும் நாம் தள்ளும் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு காரணம் இருந்தது. காரணத்தை அறிந்தபின் தள்ளுவது அறிவு; அறியாமலே தள்ளுவது இழப்பு. தடித்த சுவரின் பயனை அறிந்தவன் புதுவீட்டிலும் வடபுறச்சுவரைத் தடிப்பாய் எடுப்பான். சரிந்த கூரையின் பயனை அறிந்தவன் மலைமேல் தட்டைத் தளம் இட்டுவிட்டு ஆண்டுதோறும் ஒழுக்கடைக்க ஆள் தேடான்.

எனவே நம் சங்கத்துக் குடும்பத்தார்க்கு ஒரு வேண்டுகோள். கீழ்மலையிலும் மேல்மலையிலும் பழைய வீடுடையோர் அதனை இடிக்குமுன் ஒருநாளை அதற்கென ஒதுக்குக. பள்ளிசெல்லும் பிள்ளை ஒன்றைக் கையில் நாடாவும் ஏடுங்கொடுத்து அனுப்புக. நீளம், அகலம், சுவரின் தடிப்பு, வாசலின் உயரம், அடுப்பு இருந்த மூலை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளட்டும். வீட்டிலுள்ள முதியோரை அருகிருத்தி, ஒவ்வோர் உறுப்புக்கும் வழங்கிய பெயரைக் கேட்டெழுதட்டும். முகட்டுவளை, விட்டம், வாரை, பரண், மாடம் என்னும் சொற்களெல்லாம் வீட்டோடு சேர்ந்தே இடிந்துவிடுகின்றன. தமிழாசிரியராகிய எமக்கு அதுவும் ஒரு துயரம். காடுமேடுகளிற் கல்வீடு காண்போர் அதன் கல்லொன்றையும் அசையாதிருக்க. பிறர் அசைக்கக் கண்டால் நயமாய்த் தடுக்க. இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை.

எம் சிறிய தகப்பனாரின் மண்வீடு வருகின்ற தையில் இடிபட இருக்கின்றது. அவர் முதுகுக்கு அக்குனிந்த வாசல் இனி ஆகாது. அவர் செய்வது முறையே. ஆயினும் ஊருக்குத் திரும்புமுன் எம் மருகன் இரண்டுநாள் அவ்வீட்டில் நாடாப் பிடித்து அளந்தான். சிற்றப்பா திண்ணையில் அமர்ந்து ஒவ்வொன்றின் பெயரையும் சொல்ல, அவன் ஏட்டில் எழுதினான். வடபுறச்சுவர் தென்புறத்தினும் நாலுவிரல் தடிப்பு என்பதை அவனே முதலிற் கண்டுபிடித்தான். காரணம் கேட்டபோது, "வாடை அந்தப் பக்கந்தானே வரும், பேராண்டி" என்று அவர் சொல்லி நகைத்தார். எழுபது ஆண்டாய் அவ்வீட்டின் அருகே வாழும் யாரும் அதனை அவரிடம் கேட்டதில்லையாம்.

குள்ளர் எங்கே போனார் என்னும் வினாவுக்கு எம்மால் உடனே விடை கூற இயலவில்லை. இம்மலைமேல் மண்வீட்டில் வாழ்ந்தவர் எங்கே போனார் என்று நாளை ஒரு பிள்ளை கேட்பானாயின், விடைசொல்ல அவ்வேடு ஒன்றாவது இருக்கும்.